பொருள்: மறு: ஹேஷ் – 'சுருக்கம்' வேண்டாம், 'பிழிவு' எப்படி?

> 'சுருக்கம்' என்றே வைத்துக்கொள்ளலாமே. பெரிய சரம் (எழுத்துத் தொடர்) சிறியதாகிறது, அவ்வளவுதானே?

ஒத்துவராதுங்க. 'ஹேஷ்' என்பது எந்தத் தரவைக் கொடுத்தாலும் அதிலிருந்து ஒரே நீளமுள்ள அடையாளக் குறியைக் கணக்கிட்டுத் தரும் முறை; அதற்குத்தானே தமிழ்ச்சொல் தேடுகிறோம். சுருக்கியதை விரிக்கலாம், ஜிப் கோப்பு அப்படித்தான். ஷா-256 என்ற ஹேஷ் முறை தருவதை விரிக்க வழியில்லை. அது எப்போதும் சிறிதாக்குவதும் இல்லை. 'அ' என்ற ஒற்றை எழுத்து யூடிஎஃப்-8-இல் (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் குறியாக்கம்) 3 பைட்; அதைக் கொடுத்தாலும் ஒரு முழு நாவலைக் கொடுத்தாலும் வருவது 32 பைட், பதினறும இலக்கத்தில் 64. மூன்று முப்பத்திரண்டாவதற்குப் பெயர் சுருக்கமா?

என் ஓட்டு 'பிழிவு'. சாற்றிலிருந்து கரும்பு திரும்பாது. வினையாகவும் வளைகிறது: சரத்தைப் பிழி, பிழிவுச் சார்பு (ஃபங்ஷன்), பிழிவு மோதல் (இரு வேறு தரவுக்கு ஒரே பிழிவு வருவது). பழைய ஹேஷ் முறைகளான எம்டி5-க்கு 2004-இலும் ஷா-1-க்கு 2017-இலும் மோதலைக் காட்டிவிட்டார்கள் என்று எழுதிப் பாருங்கள், உறுத்தவில்லை.

----

> என் ஓட்டு 'பிழிவு'.

கரும்பு கூடினால் சாறும் கூடுமே என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும். என் கவலை வேறு. பைத்தான் நிரல்மொழியின் உள்ளமைந்த ஹேஷ்() சார்பையும் 'பிழிவு' என்றால் வம்பு. பதிப்பு 3.3 முதல், சரங்களுக்கு அது தரும் எண் நிரலின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறும். அதைத் தரவுத்தளத்தில் சேமித்தவர் மறுநாள் ஒப்பிட்டால் எதுவும் பொருந்தாது. அதற்கும் ஹேஷ் அட்டவணைக்கும் (தரவை விரைவாகத் தேட உதவும் அமைப்பு) 'ஹேஷ்' என்றே இருக்கட்டும். ஷா-256 போன்றவற்றுக்கான பைத்தான் நூலகமான ஹேஷ்லிப் தருவது மட்டும் பிழிவு. 'ஹேஷ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கொத்துவது என்று பொருள், ஆனால் 'கொத்து' என்றால் பூவும் பரோட்டாவும்தான் நினைவுக்கு வரும்.

உதவிப் பக்கத்தில் சொல்லைப் புழங்கிப் பார்த்தேன்:

"பிழிவுச் சார்பு பைட்டுகளைத்தான் ஏற்கும். சரத்தை அப்படியே கொடுத்தால் டைப்எரர் என்ற பிழை வரும். முதலில் யூடிஎஃப்-8-ஆகக் குறியாக்குக. 'கொடி'யில் ஒகரக்குறி ஒரே குறியாக இருந்தால் 12 பைட். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தால் 15. திரையில் இரண்டும் ஒன்றே, பிழிவு வேறு. எனவே என்எஃப்சி வடிவுக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் சீர்வடிவு) மாற்றியபின் பிழிக. முனையத்தில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) எக்கோ கட்டளை வழியே அனுப்பினால் கடைசியில் புதுவரிக் குறி ஒட்டிக்கொள்ளும். 'அம்மா' 15 பைட்டுக்குப் பதில் 16 ஆகிவிடும். அதைத் தவிர்க்க பிரிண்ட்எஃப் கட்டளையைப் பயன்படுத்துக."

----

நன்று. ஒரு திருத்தம்: என்எஃப்சி எல்லாவற்றையும் சரிசெய்யாது. 'ஔவை'யின் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டியிருந்தால் அது அப்படியே தங்கும். அதையும் சேருங்கள். 'பிழிவு'க்கு என் ஒப்புதலும் உண்டு. சால்ட்டை (பிழியுமுன் தரவோடு சேர்க்கும் தற்செயல் பைட்டுகள்) 'உப்பு' என்பதா என்று தனி இழையில் பேசுவோம், சாற்றில் உப்பு என்றதும் இங்கே எலுமிச்சை வந்துவிடும்.