புதுப்பிப்பு: அக்காவுக்கு இருந்தது கல் இல்லை

போன மாதம் எழுதியிருந்தேன்: 34 வயது அக்காவுக்கு அடிக்கடி மேல்வயிற்று வலி, கண்ணில் மஞ்சள். பித்தப்பைக் கல் என்றார்கள். ஸ்கேனில் பித்தநாளம் (கல்லீரலிலிருந்து சிறுகுடலுக்குப் பித்தநீர் போகும் குழாய்) வீங்கியிருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எம்ஆர்சிபி (பித்தநாளத்தையும் கணையநாளத்தையும் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்) எடுக்கச் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எடுத்தோம். பிறவியிலேயே வந்த பித்தநாள நீர்க்கட்டி, அதாவது நாளமே பை போல வீங்கியிருப்பது. இந்தக் கட்டிகளைப் பிரிக்கும் டோடானி வகைப்பாட்டில் முதல் வகை. பித்தநாளமும் கணையநாளமும் சிறுகுடலின் சுவருக்குள் சேர வேண்டும். அக்காவுக்கு அதற்கு முன்பே, வெளியிலேயே சேர்ந்துவிட்டன. அதனால் கணையநீர் பித்தநாளத்துக்குள் ஏறி, அதன் சுவரை வருஷக்கணக்காகப் புண்ணாக்கியிருக்கிறது.

"கட்டியை எடுக்காமல், அதை அப்படியே குடலோடு இணைத்தால் போதாதா?" என்று அப்பா கேட்டார். முன்பெல்லாம் அப்படித்தான் செய்தார்களாம். விட்டுவைத்த சுவரில் பின்னாளில் புற்றுநோய் வந்ததால் அந்த முறையைக் கைவிட்டார்கள். சரி என்று கட்டியையும் பித்தப்பையையும் சேர்த்தே எடுத்து, கல்லீரலிலிருந்து வரும் நாளத்தைச் சிறுகுடலோடு தைத்தார்கள்.

பயாப்சியில் புற்றுநோய் இல்லை. கேட்டதும் அம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம். இப்போது இரண்டு இட்லி சாப்பிடுகிறாள். குளிர்காய்ச்சலோ மஞ்சளோ வந்தால் உடனே போக வேண்டும்; அப்புறம், பரிசோதனை ஆயுள் முழுக்க உண்டு.