கார்பன் பிளாக் சேர்த்த ரப்பரில் மூன்றாம் செறிவு இறங்குகிறது: வெற்றிடம் குறைந்ததா?

தக்கலை பாலிமர்:
குலசேகரம் தோட்டத்து ஷீட், கந்தகம் போட்டு வல்கனைஸ் செய்தது. பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) பொருளுக்குள் புகுந்து அழிய எடுக்கும் நேரத்தை, அதாவது அதன் ஆயுளை, அளந்தோம். வெறும் ரப்பருக்கு, கிடைக்கும் மூன்று ஆயுள்களில் நீளமான மூன்றாவது 2.54 நானோ நொடி, அதன் செறிவு (அந்த ஆயுளோடு அழிந்த பங்கு) 24%. 100 பங்கு ரப்பருக்கு 40 பங்கு கார்பன் பிளாக் சேர்த்ததும் ஆயுள் 2.51, செறிவு 16%. நுண்வெற்றிடங்களில் மூன்றில் ஒரு பங்கு அடைபட்டது என்று எழுதலாமா? மதியம் எடுத்தால் ஆயுள் சற்றுக் கூடவும் செய்கிறது. ஆய்வகம் மணவாளக்குறிச்சிக்குப் பக்கம். அங்குள்ள மோனசைட் மணலின் (தோரியம் உள்ள கடற்கரை மணல்) கதிர்வீச்சு அளவீட்டுக்குள் வருகிறதா?

சோடியம்22:
தயவுசெய்து அப்படி எழுதாதீங்க. வெற்றிடத்தின் அளவைச் சொல்வது ஆயுள்தான். ஆயுளிலிருந்து துளையின் ஆரத்தைக் கணக்கிடும் டாவ்-எல்ட்ரப் சமன்பாட்டில் 2.54 நானோ நொடிக்கு ஆரம் 0.33 நானோமீட்டர் வரும்; 2.51-க்கும் கிட்டத்தட்ட அதேதான். துளை சுருங்கவில்லை.

செறிவு என்பது எத்தனை பாசிட்ரான்கள் ஆர்த்தோ-பாசிட்ரோனியமாக (பாசிட்ரானும் எலக்ட்ரானும் சேர்ந்த ஜோடி; மூன்றாம் ஆயுள் இதனுடையது) மாறின என்ற கணக்கு. துளைகளின் எண்ணிக்கையாக அதைப் படிக்கக் கூடாது. உங்கள் கலவையில் எடைப்படி 40/140, அதாவது 28.6% கார்பன். பாசிட்ரான்கள் ஏறத்தாழ எடை விகிதத்தில்தான் பொருளுக்குள் நிற்கும். கார்பனில் நின்றவை பாசிட்ரோனியம் ஆவது மிகக் குறைவு, அவை இரண்டாவதான நடு ஆயுளோடு போய்ச் சேரும். 24-ஐ 0.714-ஆல் பெருக்குங்க: 17. நீங்க அளந்தது 16. மிச்சம் ஒரு சதவீதத்துக்கு கார்பன் பரப்பின் வேதிக்குழுக்கள் போதும்.

அதோடு மூலத்திருத்தத்தை, அதாவது பாசிட்ரான் தரும் சோடியம்-22 மூலத்தின் உறையிலேயே அழிபவற்றைக் கழிப்பதை, பாருங்க. 7.5 மைக்ரான் கேப்டான் (பாலிமர் படலம்) உறையில் அழியும் பங்கு (382 பிக்கோ நொடி) சாம்பிளைப் பொறுத்து மாறும். அலுமினியத்தில் கண்ட பங்கை அப்படியே ரப்பருக்குப் பூட்டினால் முதல் இரண்டு செறிவும் கோணலாகும்.

நாகர்கோவில் டிடெக்டர்:
மதியம் கூடுவதற்கு முதலில் அறை வெப்பத்தைச் சந்தேகிக்கணும். ரப்பரின் கண்ணாடிநிலை வெப்பம் −70 டிகிரி பக்கம். அதற்கு மேலே சூடு ஏற ஏறத் துளை விரியும், ஆயுளும் நீளும். சாம்பிளைச் செப்புப் பிடிக்குள் வைத்து, நீரோட்டத்தால் ஒரே வெப்பத்தில் நிறுத்துங்க. டிடெக்டரின் பி.எம். குழாய் (ஒளியை மின்துடிப்பாக்குவது) தரும் துடிப்பும் சூட்டுக்கு மாறும். ஒரே நீள ஓட்டமாக எடுக்காமல் ஒரு மணிக்கு ஒரு கோப்பாகச் சேமித்தால் சுழி நேரம் (ஆயுளை எண்ணத் தொடங்கும் புள்ளி) நகர்வது கண்ணில் படும். நகர்ந்த கோப்பைத் திருத்திவிட்டுக் கூட்டலாம்.

மோனசைட் பற்றி: தோரியம் வரிசையின் தாலியம்-208 ஒரே சிதைவில் 2614, 511 கேஇவி (ஆற்றல் அலகு) கதிர்களை உமிழும்; பாசிட்ரான் அழியும்போது வருவதும் 511தான். அதனால் உண்மையான உடனிகழ்வு (இரு டிடெக்டரிலும் ஒன்றாகப் பதிவாவது) வரத்தான் செய்யும், ஆனால் அது சுழி நேரத்தை ஒட்டி விழும். மூன்றாம் ஆயுளை நீட்டாது. சந்தேகம் தீர, மூலத்தை எடுத்துவிட்டு, ஆற்றல் சன்னல்களை (எந்த ஆற்றல் கதிரை எண்ணுவது என்ற எல்லைகளை) மாற்றாமல் ஓர் இரவு எண்ணிப் பாருங்க.

தக்கலை பாலிமர்:
நன்றி. டிடெக்டர் இரண்டும் நேருக்கு நேர், சாம்பிள் மூலத்தின் பக்கத்துக்கு 1 மி.மீ. தடிமன்.

சோடியம்22:
இரண்டையும் மாத்துங்க. பாசிட்ரான் பிறக்கும்போது வரும் 1274 கேஇவி கதிரைத் தொடக்கக் குழாயும், அழியும்போது எதிரெதிர்த் திசையில் வரும் இரண்டு 511 கதிர்களில் ஒன்றை நிறுத்தக் குழாயும் பிடிக்கணும். நேருக்கு நேர் வைத்தால் ஒரு 511 நிறுத்தக் குழாய்க்குப் போகும்போது அதன் ஜோடி 1274-உடன் தொடக்கக் குழாயில் ஏறி, துடிப்பைக் கெடுக்கும். 90 டிகிரியில் வைங்க. 1 மி.மீ. தாண்டிச் சில பாசிட்ரான்கள் வெளியே போகும். பக்கத்துக்கு 1.5 அல்லது 2 மி.மீ. வேணும், மெல்லிய ஷீட்டை இடைவெளியில்லாமல் அடுக்கினாலும் சரி.