என்பிடெல் வீடியோவ கிளாஸோட கலந்தா பசங்க நிஜமாவே நல்லா படிக்கிறாங்களா?

சர்க்யூட்_சாமி:
எங்க காலேஜ்ல இந்த செமஸ்டர் ஒரு எலெக்டிவ (நாமளே தேர்ந்தெடுக்குற பாடம்) என்பிடெல்லோட, அதாவது ஐஐடிங்க நடத்துற ஆன்லைன் கோர்ஸோட சேத்து நடத்துறாங்க. வாரத்துக்கு மூணு பீரியட் இருந்தது ஒண்ணாயிடுச்சு, மிச்சத்துக்கு ஐஐடி வாத்தியார் வீடியோ. ஒரு செமஸ்டர் பாடங்கள்ல 20 சதவீதம் வரைக்கும் இப்படி ஆன்லைன்ல படிக்கலாம்னு யுஜிசி 2016ல சொன்னத 2021ல 40ன்னு ஆக்குனதுல இருந்து மேனேஜ்மெண்டுக்கு ஒரே குஷி. ஆனா நடக்குறது என்ன? புதன்கிழமை ராத்திரி அசைன்மெண்ட் டெட்லைன், சாயங்காலமே டெலிகிராம்ல "பி டி ஏ சி"ன்னு விடையெல்லாம் வந்து விழுந்துடுது, வீடியோவ ஒருத்தனும் தொறக்குறதே இல்ல. 12 அசைன்மெண்ட்ல நல்லா வந்த 8ஐ எடுத்து 25 மார்க், அது முழுசா வந்துடும். அப்புறம் சென்டர்ல போய் உக்காந்து எழுதுற 75 மார்க் பரீட்சைல 30 வாங்க முடியாம முழிக்கிறானுங்க. டெக்னாலஜியால ரிசல்ட் ஏறும்னு சொல்றதெல்லாம் சும்மா.

அரியர்_அண்ணாச்சி:
தம்பி, காப்பி அடிக்கிறது என்பிடெல் வந்த பிறகா ஆரம்பிச்சுச்சு? நாங்க ரெக்கார்ட் நோட்ட மொத்தமா பாத்து எழுதுனவங்க. சிக்னல்ஸ் பேப்பர்ல எங்க சார் பிபிடி ஸ்லைட அப்படியே வாசிச்சுட்டு போவாரு, கன்வல்யூஷன்னு ரெண்டு சிக்னல சேக்குற கணக்குல ஒரு சிக்னல திருப்பிப் போட்டு ஏன் நகத்தணும்னு கேட்டா "பார்முலா அப்படித்தான்"ம்பாரு. வீடியோல அதே இடத்த நிறுத்தி நிறுத்திப் பாத்துதான் எனக்கு வெளங்குச்சு, அரியர் கிளியர் ஆனதும் அதாலதான். அமெரிக்கால ஆறு கேம்பஸ்ல புள்ளியியல் பாடத்துக்கு பசங்கள குலுக்கல் மாதிரி பிரிச்சு ஒரு ஆய்வு பண்ணி 2012ல வெளியிட்டாங்க, பாதிப்பேருக்கு வழக்கமான கிளாஸ், மீதிப்பேருக்கு கம்ப்யூட்டரும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிளாஸும். ரெண்டு பக்கமும் ரிசல்ட் ஏறக்குறைய ஒண்ணுதான், ஆனா கலந்து படிச்சவங்களுக்கு நேரம் கம்மியா ஆச்சு. அது லாபம் இல்லையா?

லேப்_மேடம்:
அண்ணாச்சி, அந்த ஆய்வுல இருந்தது வீடியோ இல்லைங்க. அந்த சாப்ட்வேர் கேள்வி கேக்கும், தப்பா போட்டா குறிப்பு குடுக்கும், எந்தப் பையன் எங்க தடுமாறுறான்னு வாத்தியாருக்குக் காட்டும். நான் என்பிடெல் மென்டரா (கோர்ஸ் எடுக்குற பசங்கள காலேஜ்ல கவனிச்சுக்குறவங்க) உக்காந்து பாக்குற திரைல அசைன்மெண்ட் மார்க்தான் தெரியுது, டெலிகிராம் புண்ணியத்துல எல்லாருக்கும் 100. இத வெச்சு யாருக்கு என்ன புரியலன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?

கலிபோர்னியால சான் ஹோசே ஸ்டேட்ல நடந்தத பாருங்க. 2012ல எடெக்ஸ்ங்குற ஆன்லைன் கோர்ஸ் தளத்தோட சர்க்யூட்ஸ் வீடியோவ வீட்ல பாக்க வெச்சு, கிளாஸ்ல குரூப் குரூப்பா கணக்கு போட வெச்சாங்க, 59 சதவீதம் இருந்த பாஸ் 91 ஆச்சு. அதே காலேஜ் 2013ல யுடாசிட்டின்னு இன்னொரு ஆன்லைன் கோர்ஸ் கம்பெனியோட சேந்து கிளாஸே இல்லாம கணக்கு, புள்ளியியல் நடத்துச்சு, பாஸ் சதவீதம் படுத்துடுச்சு, ஜூலைல நிறுத்தி வெச்சுட்டாங்க.

அரியர்_அண்ணாச்சி:
அது எப்படி மேடம் ஒப்பிடுவீங்க? யுடாசிட்டில ஏற்கெனவே கணக்குல பெயிலானவங்க, ஸ்கூல் பசங்கன்னு சேத்திருந்தாங்க. அது வேற கூட்டம்.

லேப்_மேடம்:
சரிங்க, அத தள்ளிடுவோம். 91 வந்ததும் வீடியோவால மட்டும்னு சொல்லமாட்டேன், பசங்க அந்த பாடத்துக்கு செலவழிச்ச நேரமே கூடியிருக்கும். ஆனா அங்க கிளாஸ யாரும் கொறைக்கல, கிளாஸ்ல செய்யுற வேலையத்தான் மாத்துனாங்க. நம்ம ஊர்ல வீடியோ வந்தவுடனே மொதல்ல வெட்டுறது பீரியடத்தான், அதுக்குப் பேரு பிளெண்டட், அதாவது கிளாஸும் ஆன்லைனும் கலந்ததாம்.

கொடைரோடு_பையன்:
நான் தமிழ் மீடியத்துல இருந்து வந்தவன். வீடியோல சார் நல்லாதான் சொல்றாரு ஆனா அந்த இங்கிலீஷ புரிஞ்சுக்குறதுக்குள்ள அடுத்த ஸ்லைடு போயிடுது, தமிழ்ல எழுத்து வடிவம் சில கோர்ஸுக்கு இருக்கு, எங்க கோர்ஸுக்கு இல்ல. கிளாஸ்ல மேடம் "டேய், டையோடு திரும்பியிருக்கு, கரண்டு எப்படிடா போவும்"னு ஒரு வார்த்த சொன்னா போதும். அதனால அந்த ஒரு பீரியடயும் அட்டெண்டன்ஸ் எடுத்தே முடிச்சுடாதீங்கன்னுதான் கேக்குறேன்.

சர்க்யூட்_சாமி:
இதத்தான் ப்ரோ நானும் சொல்றேன்.

அரியர்_அண்ணாச்சி:
நீ சொன்னது டெக்னாலஜியே சும்மான்னு, இப்ப கட்சி மாறாத தம்பி 😄 மேடம் சொல்றதுல பாதிக்கு நான் வர்றேன், ஆனா பிபிடி வாசிக்கிற சார்கிட்ட மூணு பீரியட திருப்பிக் குடுத்தா மட்டும் மார்க் ஏறிடாது.

லேப்_மேடம்:
அவருகிட்ட அஞ்சு கணக்கக் குடுத்து போர்டுல பசங்கள போட வைக்கச் சொல்லுங்க, பிபிடிக்கு வேலையே இருக்காது. சாமி, எச்ஓடிகிட்ட பேசும்போது என்பிடெல் பரீட்சை பீஸ யாரு கட்டுறதுன்னும் கேட்டுடுங்க, எங்க பசங்க பாதிப்பேரு பதிவு பண்ணிட்டு பரீட்சைக்கே போகாததுக்கு அதான் காரணம்.