எம்.ஏ. வரலாறு படித்துவிட்டு எம்.பி.ஏ.வா? இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்த பாளையங்கோட்டைத் தங்கச்சிக்கு

கேள்வியைப் பார்த்தேன். பாளையங்கோட்டையில் எம்.ஏ. வரலாறு, வீட்டுக்காரருக்கு இங்கே வேலை பார்க்க ஸ்கில்டு ஒர்க்கர் விசா, நீ அவரோடு வந்த டிபென்டன்ட், வந்து நாலு மாதம், பிளஸ் டூவிலேயே கணக்கை விட்டாச்சு, பிசினஸ் ஸ்கூலில் என்னையெல்லாம் எடுப்பார்களா அக்கா என்று கேட்டிருந்தாய். அக்கா என்று கூப்பிட்டுவிட்டதால் நீ என்றே எழுதுகிறேன், கோவித்துக்கொள்ளாதே.

எடுப்பார்கள். நானே பி.ஏ. தமிழ்தான். என் எம்.பி.ஏ. வகுப்பில் நர்ஸ், வக்கீல், ராணுவத்தில் இருந்தவர், டீச்சர் எல்லாரும் இருந்தார்கள். யூடியூபை நடத்திய சூசன் வொஜிஸ்கி ஹார்வர்டில் படித்தது வரலாறும் இலக்கியமும், எம்.பி.ஏ. எல்லாம் அப்புறம்தான். அவ்வளவு தூரம் போவானேன், நம்ம வ.உ.சி. தொல்காப்பியத்திலும் திருக்குறளிலும் ஊறிய வக்கீல். 1906-ல் 25 ரூபாய்ப் பங்கு 40,000, மொத்தம் 10 லட்சம் மூலதனம் என்று கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். எதிர்த்த வெள்ளைக்காரக் கம்பெனி தூத்துக்குடி–கொழும்பு கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் சும்மா ஏற்றிக்கொண்டு கையில் குடையும் கொடுத்தது. போட்டியாளரை விலையால் நசுக்குவது பற்றி ஸ்ட்ராட்டஜி வகுப்பில் பேச்சு வரும்போது உனக்கு அது புதிதாக இருக்காது. வ.உ.சி.யின் கம்பெனி அந்த நஷ்டத்தை எத்தனை மாதம் தாங்கியிருக்கும், கையில் ரொக்கம் எவ்வளவு வேண்டும் என்று பேப்பரில் போட்டுக் காட்டச் சொல்வார்களே, அதுதான் புதிது.

எனக்கு அக்கவுண்டிங் முதல் மாதம் அழுகைதான். லாபம் காட்டுகிற கம்பெனி எப்படிப் பணமில்லாமல் படுக்கும் என்று மண்டையில் ஏறவே இல்லை. ஒருநாள் பஸ்ஸில் போகும்போது பேட்டையில் பெரியப்பாவின் பலசரக்குக் கடை ஞாபகம் வந்தது. வியாபாரம் அமோகமாக நடக்கும், ஆனால் பாதிப்பேர் பிசான நெல் அறுத்ததும் தருகிறோம் என்று நோட்டில் எழுதிவிட்டுப் போவார்கள், கல்லாவில் காசிருக்காது, சரக்குப் போட்டவரோ வாசலில் நிற்பார். பேரேட்டில் லாபம், கையில் ஒன்றுமில்லை. இதைத்தான் அவர்கள் கேஷ் ஃபுளோ என்று மூன்று வாரம் நடத்தினார்கள். கணக்கு வராது என்று நாம் சொல்வதில் பாதி, கணக்கை நமக்குத் தெரிந்த பாஷையில் யாரும் சொல்லவில்லை என்பதுதான். மீதிப் பாதி நிஜம், அதற்கு உட்கார்ந்து போட்டுப் பழகுவதைத் தவிர வேறு வழி இல்லை.

சரி, உன் விஷயத்தில் எனக்குப் பயம் கணக்கு இல்லை, அவசரம். இங்கே முழுநேர எம்.பி.ஏ. பெரும்பாலும் ஒரே வருடம், ஆனால் பொதுவாக மூன்று வருட வேலை அனுபவமாவது எதிர்பார்ப்பார்கள். வேறு பாடம் படித்து, அனுபவமும் இல்லாதவர்களுக்கு இருப்பது எம்.எஸ்சி. மேனேஜ்மென்ட். கெட்ட படிப்பு என்று சொல்லவில்லை, ஆனால் அது எம்.பி.ஏ. இல்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ஏஜென்ட் எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். முன்பணம் கட்டின பிறகுதான் புரிந்தது, திரும்ப வாங்க அப்பா எத்தனை நடை நடந்தார் என்று கேட்காதே.

இன்னொன்று. படிக்கப் போகிறாய் என்பதற்காக ஸ்டூடன்ட் விசாவுக்கு மாறிவிடாதே, டிபென்டன்ட் விசாவிலேயே படிக்கலாம், வேலையும் பார்க்கலாம். ஸ்டூடன்ட் விசாவில் இருக்கும் காலம் இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கான வருடக் கணக்கில் சேராது. கட்டணம் மட்டும் இப்போது சேர்ந்தால் வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான் கேட்பார்கள். உள்ளூர்க் கட்டணத்துக்கு நிரந்தர அனுமதியோடு மூன்று வருடம் இங்கே வசித்திருப்பதையும் பார்ப்பார்கள். அந்த வித்தியாசத்தில் ஊரில் ஒரு வீட்டுக்கு மேல்தளமே போட்டுவிடலாம். விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அரசு இணையதளத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள், நான் சொன்னேன் என்று கிளம்பாதே.

அதனால் நான் சொல்வது, இந்த வருடம் விண்ணப்பமே போடாதே. பக்கத்துக் காலேஜில் ஏ.ஏ.டி. லெவல் 2 என்று கணக்கெழுதும் படிப்பு இருக்கும், அதில் சேர். எம்.பி.ஏ. செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. நாலு மாதத்தில் பற்று வரவு உனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும், பிடிக்கவில்லை என்றால் கடன் வாங்காமலே தப்பித்தாய். கூடவே ஒரு வேலை, எந்த ஆபீஸானாலும் பரவாயில்லை. தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா வரவு செலவை எழுத ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள், கையைத் தூக்கு. எம்.பி.ஏ. இண்டர்வியூவில் நான் பத்து நிமிடம் பேசியதே அப்படி ஒரு விழாவுக்கு எழுதிய இட்லி கணக்கைப் பற்றித்தான்!

விண்ணப்பத்தோடு கேட்கும் கட்டுரையில் தலைமைப் பண்பு, சிறுவயது முதலே ஆர்வம் என்றெல்லாம் எழுதாதே. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு ஆவணம் கையில் இருக்கும்போது எதை நம்புவது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அப்படி ஒரு ஆராய்ச்சியை எடுத்து நடந்ததை நடந்தபடி எழுது.

டிரான்ஸ்கிரிப்ட்டை, அதாவது சான்றளித்த மதிப்பெண் பட்டியலை, இப்போதே கேட்டு வை. உன் காலேஜ் தன்னாட்சிக் கல்லூரி என்றால் மதிப்பெண் பட்டியல் காலேஜில், பட்டம் அபிஷேகப்பட்டியில் இருக்கும் பல்கலைக்கழகத்தில், ஆக இரண்டு இடம். ஆங்கில வழியில் படித்ததற்கும் ஒரு கடிதம் வாங்கிவிடு.

நுழைவுத் தேர்வு ஜிமேட்டா ஜிஆர்இயா என்றும் கேட்டாய். பல பிசினஸ் ஸ்கூல்கள் இரண்டில் எதையும் ஏற்கும், சில கேட்பதே இல்லை. ஜிமேட்டின் கணக்குப் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது, ஜிஆர்இயில் திரையிலேயே உண்டு, அதனால் நான் ஜிஆர்இ எழுதினேன். ஜிமேட்தான் என்றால் யாராவது தருகிறார்கள் என்று பழைய புத்தகம் வாங்கிவிடாதே. 2023 கடைசியில் தேர்வையே மாற்றிவிட்டார்கள், ஜியாமெட்ரி போய்விட்டது, தேர்வில் எழுதும் கட்டுரையும் போய்விட்டது. அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு முக்கோணத்தோடு ஒரு மாதம் மல்லுக்கட்டிய பெண் ஒருத்தி எங்கள் தெருவிலேயே இருக்கிறாள்.