முதுகுக் கவசத்தோடு ஏர்பேக் பை: நீங்கள் எதைப் பார்த்து வாங்கினீர்கள்?

பனிப்பித்தன்:
ஸ்கீ டூரிங்கில், அதாவது ஸ்கீயோடு மலையேறிப் பிறகு சறுக்கி இறங்குவதில், பாதி நாள் ஏற்றத்திலேயே போய்விடும். அதனால் பனிச்சரிவில் இழுபிடியை இழுத்தால் பலூன் விரியும் ஏர்பேக் பையில் முதுகுக் கவசமும் இருப்பது எனக்கு வீண் சுமையாகத்தான் பட்டது. கூட வந்தவர் விழுந்ததைப் பார்த்த பிறகு எண்ணம் மாறிவிட்டது. பனிச்சரிவெல்லாம் கிடையாது, இறுகிய பனியில் ஸ்கீ வழுக்கி, மல்லாந்தபடியே ஒரு பாறையில் போய் மோதினார். பைக்குள் மண்வெட்டிக் கைப்பிடி முதுகை ஒட்டி இருந்திருக்கிறது. சட்டையைத் தூக்கிப் பார்த்தால், தண்டுவடத்துக்கு இரண்டு விரல் தள்ளி அந்தக் கைப்பிடி அச்சு நீலமாகப் பதிந்திருந்தது.

இப்போது என் பையில் இருப்பது இஎன் 1621-2 என்ற ஐரோப்பியத் தரத்தில் வந்த கவசம். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்காக வந்த தரம்தான் அது. முதல் நிலையில் உடலுக்குக் கடக்கும் விசை சராசரியாக 18 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது; இரண்டாம் நிலையில் 9. வியர்த்துக் கொட்டுகிறது, அது உண்மை. வாங்கும்போது கவசத்தைக் கழற்றிக் காயவைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

மேட்டுக்காரி:
நான் பலூனை கேஸ் சிலிண்டரால் நிரப்பும் பையிலிருந்து, மின்விசிறியால் நிரப்பும் விசிறிப் பைக்கு மாறியவள். சிலிண்டர் பை எடை குறைவு, ஆனால் ஒரு முறை இழுத்தால் அவ்வளவுதான், மறுபடி நிரப்பச் செலவாகும். விமானத்தில் போவதானால் முன்கூட்டியே அனுமதி வேறு கேட்க வேண்டும். நிரப்பும் செலவுக்குப் பயந்து ஒருமுறைகூட இழுத்துப் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர்! விசிறிப் பையை வீட்டிலேயே கையுறையோடு இழுத்துப் பழகலாம். மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் சூப்பர் கெபாசிட்டரில் ஓடும் வகை குளிரிலும் அவ்வளவாகச் சோர்ந்துபோவதில்லை.

2014இல் வந்த ஓர் ஆய்வைப் படித்துப் பாருங்கள். பனிச்சரிவில் மோசமாக அகப்பட்டவர்களில் ஏர்பேக் விரியாதவர்களின் இறப்பு 22 சதவீதம், விரிந்தவர்களுக்கு 11. ஐந்தில் ஒரு பை விரியவே இல்லை. அதிலும் பெரும்பாலானவை ஆள் இழுக்காததால்தான். பயிற்சி பயிற்சி என்று நான் உயிரை வாங்குவது இதற்காகத்தான்.

பனிப்பித்தன்:
மேட்டுக்காரி, ஏறும்போது இழுபிடியை உள்ளே வைத்துவிடுவீர்களா?

மேட்டுக்காரி:
மரங்களுக்கு நடுவே ஏறும்போது மட்டும். திறந்த சரிவு வந்தால் முதல் வேலை அதை வெளியே எடுப்பதுதான்.

பழைய ஸ்கீ:
கால்களுக்கு நடுவே போட்டு இடுப்புப் பட்டையில் மாட்டும் கால்பட்டையை யாருமே சொல்லவில்லையே! ஏர்பேக் நம்மைப் பெரிய பொருளாக்குகிறது. ஓடும் பனியில் பெரியவை மேலே வரும், சிறியவை அடியில் போகும்; தத்துவம் அவ்வளவுதான். 150 லிட்டர் பலூன் மேலே இழுக்கும்போது கால்பட்டை இல்லையென்றால் பை கழுத்துக்கு ஏறிவிடும், கவசமும் முதுகை விட்டுப் போய்விடும்.

இன்னொன்று, முதுகு நீளம். பனிப்பித்தன் வைத்திருப்பது போன்ற பையை நானும் போட்டுப் பார்த்தேன். எனக்குக் கவசத்தின் கீழ் விளிம்பு இடுப்புப் பட்டைக்கு நான்கு விரல் மேலேயே நின்றுவிட்டது. சுமை ஏற்றி, குனிந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அடுத்த அளவில் சரியாக இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன்.