சொன்னால் அசையாத கை கொட்டாவிக்கு எழுந்தது

செவ்வந்தி:

அம்மாவுக்கு இடப்பக்கம் வாதம் வந்து அன்றைக்கு 40 நாள். ஸ்கேன், ஐசியூ, பிசியோ எல்லாம் இங்கே பலரும் பார்த்தவைதான், அதை விட்டுவிடுகிறேன். இடது கை எப்போதும் மடியில் கிடக்கும். நாம் எடுத்து எங்கே வைக்கிறோமோ அங்கேயே இருக்கும். அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். அப்போது அந்தக் கை எழுந்தது. முழங்கை மடங்கி, விரல்கள் கொஞ்சம் விரிந்து, நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றது. கொட்டாவி முடிந்ததும் மெல்ல இறங்கி மறுபடியும் மடியில் விழுந்தது.

நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "தூக்க முடியுதுல்ல? இத்தனை நாளா ஏம்மா முயற்சியே பண்ணல?" என்று கத்தினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் தூக்கலடி. அதுவா போச்சு" என்றார். அந்த முகத்தில் சந்தோஷம் துளியும் இல்லை. பயந்துபோயிருந்தார்.

நான் நம்பவில்லை. ஒரு வாரம் காலையும் மாலையும் "தூக்கு, தூக்கு" என்று அவரை அழ வைத்தேன். அடுத்த முறை நரம்பு டாக்டரிடம் போனபோது புகார் மாதிரிதான் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. பக்கவாதம் வந்த சிலருக்குக் கொட்டாவியின்போது மட்டும் செயலிழந்த கை எழுமாம், மருத்துவத்தில் அதற்குத் தனிப் பெயரே உண்டாம். நாமாகக் கையைத் தூக்கும்போது உத்தரவு மூளையின் மேற்பரப்பிலிருந்து கிளம்பி, முகுளத்தில் பக்கம் மாறி, தண்டுவடம் வழியாக இறங்குகிறது. வலது மூளையிலிருந்து வரும் அந்த வழிதான் அம்மாவுக்கு அறுந்திருக்கிறது. கொட்டாவி அங்கே பிறப்பதில்லை. அது கீழே மூளைத்தண்டின் வேலை. அங்கிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பழைய வழிகள் அறுபடவில்லை, மேலிருந்து அவற்றை அடக்கி வைக்கும் பிடியும் தளர்ந்துவிட்டது, அதனால் கை எழுகிறது என்று விளக்கினார்.

அப்படியானால் அம்மா சொன்னது முழுக்க உண்மை. அவர் தூக்கவே இல்லை. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

மலைக்கோட்டை:

எங்கள் வீட்டில் சிரிப்பு. அப்பாவுக்கு வலப்பக்கம். பிசியோ தம்பி "ஐயா, பல்லைக் காட்டுங்க" என்பார். இடது ஓரம் மட்டும் விரியும், வலது ஓரம் தொங்கியபடியே இருக்கும். ஒரு நாள் என் மகள் அவருடைய பெரிய செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, தாத்தா மாதிரியே இருமிக்கொண்டு கூடத்தில் நடந்து வந்தாள். அப்பா சிரித்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு விரிந்த, அவருடைய பழைய சிரிப்பு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்து "அப்பா, இன்னொரு தடவை சிரிங்க" என்றேன். சிரித்துக் காட்டினார். வாய் கோணலாகத்தான் வந்தது. கேட்டு வாங்கும் சிரிப்பும் தானாக வரும் சிரிப்பும் மூளையில் வேறு வேறு இடத்திலிருந்து வருகின்றன என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை, திறந்தும் பார்ப்பதில்லை. கேட்டிருக்கவே கூடாது.

பழைய டிரைவர்:

செவ்வந்தி தங்கச்சி, மனதைத் தளர விடாதீர்கள். ஆனால் நீங்கள் அம்மாவை முயற்சி செய்யச் சொன்னது தப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் மச்சானுக்கும் இதே இடப்பக்கம்தான். வீட்டில் யாரும் நம்பவில்லை. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் நின்றார். விழுந்தார், மறுபடி நின்றார். எட்டாவது மாதம் டீக்கடை வரை தானே நடந்து வந்து என் முன்னால் உட்கார்ந்தார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன், கை நடுங்கியது. மனது வைத்தால் உடம்பு கேட்கும். டாக்டர்கள் வழி அறுந்தது, வழி மாறியது என்று சொல்லிச் சொல்லியே நோயாளியைப் படுக்க வைத்துவிடுகிறார்கள்.

கொடிவேரி:

டிரைவர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. "மனது வைத்தால் கேட்கும்" என்ற இந்த வாக்கியத்தால் எங்கள் வீட்டில் ஒருவர் மிகவும் நொந்துபோனார்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன், ஒன்பது வருஷமாக. நடந்து வந்துகொண்டே இருப்பார், கதவு நிலைக்கு முன்னால் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் சாயும், கால் வராது. ஒரு நாள் ராத்திரி பாத்ரூம் வாசலில் அப்படி நின்றுவிட்டார். அண்ணன் பின்னால் நின்று "போங்கப்பா, ஏன் நிக்கிறீங்க, போங்க" என்கிறான். அப்பாவால் போக முடியவில்லை. வேட்டி நனைந்துவிட்டது. உள்ளே போக வேண்டும் என்று அந்த நிமிஷம் அவரைவிட அதிகமாக மனது வைத்தவர் உலகத்தில் யாரும் இருந்திருக்க முடியாது.

இனி நான் சொல்ல வந்தது. மார்கழியில் ஒரு காலை. அம்மா வாசலில் பெரிய கோலம் போட்டிருந்தார். அப்பா நிலைப்படியில் வழக்கம்போல் நின்றுவிட்டார். கீழே குனிந்து கோலத்தைப் பார்த்தார். "மிதிச்சிடப் போறேன்" என்று சொன்னார், வலது காலைத் தூக்கி, இழைக்கு அந்தப் பக்கம் வைத்தார். அடுத்த இழை, அடுத்த அடி. கோலம் முழுவதையும் ஒரு புள்ளி கலையாமல் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டார். கோலம் முடிந்ததும் கால் மறுபடி சின்னச் சின்னதாக இழுபட ஆரம்பித்தது.

டாக்டரிடம் சொன்னோம். நாம் யோசிக்காமல் நடக்கிறோமே, அந்தப் பழக்க நடையை நடத்துவது மூளையின் அடியாழத்தில் உள்ள ஒரு பகுதி. அதற்கு வேண்டிய டோபமின் என்ற ரசாயனம் அப்பாவிடம் குறைந்துவிட்டது. கண் ஒரு கோட்டைப் பார்த்து "இதைத் தாண்டு" என்னும்போது அசைவு வேறு வழியாகக் கிளம்புகிறது. படிக்கட்டு ஏறுவதும் அதனால்தான் அவருக்கு எளிது. இப்போது வீட்டுக்குள் ஒவ்வொரு நிலைக்கு முன்னாலும் ஓர் அடி இடைவெளியில் வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறோம். எல்லா நாளும் உதவுகிறது என்று சொல்ல மாட்டேன், பெரும்பாலும் உதவுகிறது. அண்ணா, அவருக்குக் குறைந்தது மனது இல்லை.

வார்டு அக்கா:

27 வருஷம் வார்டில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். எனக்கு மறக்காதது ஒரு தட்டு. உங்கள் அம்மா போலவே இடப்பக்கம் விழுந்த ஒரு பெரியவர், நான்கு இட்லியில் வலப்பக்கம் இருந்த இரண்டை மட்டும் தின்றுவிட்டு "இவ்வளவுதானா சிஸ்டர், பசிக்குது" என்றார். தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தேன். "இப்பதான் வச்சீங்களா?" என்று கேட்டுச் சாப்பிட்டார். பார்வை நன்றாகத்தான் இருந்தது. இடப்பக்கம் என்ற ஒன்றே அவருக்கு இல்லாமல் போயிருந்தது.

செவ்வந்தி, கேட்காமலே சொல்கிறேன். வலது மூளை பாதித்தால் இந்தக் குறை கூட வரலாம், அம்மா தட்டில் எதை விடுகிறார் என்று பாருங்கள். பேசும்போது இடப்பக்கமாகப் போய் உட்கார்ந்து பேசுங்கள், இடது கையைத் தொட்டுக் காட்டுங்கள், தண்ணீர்ச் செம்பை இடப்பக்கம் வைத்துத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள் தசை தளர்ந்திருக்கும், மூட்டு நழுவிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் போகாது. நீங்கள் உலுக்கியது எந்தத் தோள்? இடது என்றால் ஒரு முறை காட்டிவிடுங்கள். வெந்நீர்ப் பை ஒத்தடம் வேண்டாம். உணர்ச்சி குறைந்த தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். படுத்த வாக்கில் காபியோ கஞ்சியோ கொடுக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு சிறு வாயாகக் கொடுங்கள். குடிக்கும்போது இருமினால், குரல் ஈரமாக மாறினால், விழுங்குவதில் கோளாறு என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கும் இது. முகம் ஒரு பக்கம் கோணினால், கை ஒன்று தளர்ந்தால், பேச்சு குழறினால், மணி என்ன என்று பார்த்து எழுதிவைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள்தான் போட முடியும். அடைப்பா கசிவா என்று ஸ்கேன் பார்த்த பிறகுதான் அதுவும். ராத்திரி முழுக்கப் புறா ரத்தம் தேய்த்துவிட்டு விடிந்த பிறகு தூக்கி வந்தவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தைப் பார்த்து நேரம் போய்விட்டது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? டிரைவர் தம்பியின் மச்சான் நடந்தது மனத்தால் மட்டும் இல்லை. தினமும் நூறு தடவை நின்றதால். உயிரோடு மிஞ்சிய மூளைப் பகுதி அந்தப் பயிற்சியால் வேலையைக் கற்றுக்கொண்டது. முயற்சி வேண்டும், அழ வைக்கும் முயற்சி வேண்டாம்.

ஏலகிரி:

எல்லோரும் அசைவைப் பற்றியே எழுதுகிறீர்கள். எனக்கு வேறு.

என் தாத்தாவுக்கு இளம் வயதில் தொழுநோய். எனக்கு ஏழு வயதில் நடந்தது இது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. தாத்தா வெறுங்கையால் பானையின் கழுத்தைப் பிடித்து இறக்கி வைத்தார், நிதானமாக. நான் கை தட்டினேன். என் தாத்தாவுக்கு நெருப்பு சுடாது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். அன்று சாயங்காலம் பாட்டி அவர் உள்ளங்கையில் உரிந்த தோலைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். அவர் வேறு பக்கம் பார்த்துக் கதை பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கத்தரிக்கோல் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது.

அந்தக் கிருமி உடம்பில் சூடு குறைவான இடங்களில் உள்ள நரம்புகளைத் தேடும், முழங்கைக்குப் பின்னால், மணிக்கட்டில். விரல் அழுகி விழுகிறது என்று ஊரில் சொல்வார்கள். அது தவறு என்பதைக் காட்டியவர் கொல்லிமலையில் 1914-இல் பிறந்து வேலூர் சிஎம்சியில் வேலை செய்த டாக்டர் பால் பிராண்ட். வலி தெரியாததால் சூட்டிலும் காயத்திலும் கவனிப்பில்லாமல் விரல் தேய்ந்துபோகிறது என்றார். ராத்திரி எலி கடித்துக்கூட நோயாளிகள் விழிக்காததால் பூனை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தாத்தாவுக்கும் 1960களில் வேலூரில் கையில் ஆபரேஷன் நடந்தது. கட்டைவிரலை எதிரே கொண்டுவரும் தசை செத்திருந்தது. மோதிர விரலை மடக்கும் தசைநாண் ஒன்றைத் திருப்பிக் கட்டைவிரலில் இணைத்தார்கள். கட்டு அவிழ்த்த பிறகு "கட்டைவிரலை அசை" என்றால் அசையவில்லையாம். "மோதிர விரலை மடக்கு" என்றபோது கட்டைவிரல் நகர்ந்ததாம். மூளைக்கு அந்தத் தசை இன்னும் மோதிர விரல்தான். வாரக்கணக்கில் பழகிப் பழகித்தான் அது கட்டைவிரல் ஆயிற்று. எனக்கு எழுத்தாணி மாதிரி பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அந்தக் கைதான். வெளியிலிருந்து எல்லாம் சரியான கை. சூடு மட்டும் கடைசிவரை தெரியவில்லை. நான் கை தட்டியதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டதே இல்லை.

மல்லிச்சரம்:

சின்னதாக ஒன்று. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடும்போது குனிந்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன். படுக்க வைத்த பிறகும் என் கால்கள் மடங்கியே இருந்தன. அதாவது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. "காலை நீட்டி விடுங்க சிஸ்டர்" என்றேன். "நீட்டித்தாம்மா இருக்கு" என்றார். மேலே இருந்த விளக்கின் விளிம்பில் என் கால்கள் நேராகக் கிடப்பது தெரிந்தது. கண் ஒன்று சொல்ல உடம்பு இன்னொன்று சொன்னது. காலிலிருந்து புதுச் செய்தி எதுவும் வராதபோது மூளை பழைய நிலையையே பிடித்துக்கொண்டிருக்கும் என்று மயக்க மருந்து டாக்டர் சொன்னார். செவ்வந்தி அக்கா, உங்கள் அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. நம்முடையது நம்முடையது இல்லை என்று தோன்றும் அந்தக் கொஞ்ச நேரம் மிகவும் கொடுமை.

பழைய டிரைவர்:

கொடிவேரி, உங்கள் அப்பா விஷயம் படித்தேன். அந்த ராத்திரியைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு நான் எழுதியது எனக்கே கனமாக இருக்கிறது. எல்லா வாதத்துக்கும் ஒரே பேச்சைப் பேசிவிட்டேன். மச்சானிடம் கேட்டேன். "நீ நின்னது வைராக்கியமா மச்சான்?" என்றதற்கு, "பயம்டா, பொண்ணு கல்யாணம் பாக்கி இருந்துச்சு" என்றார். ஆனாலும் தினமும் நிற்கச் சொல்வதை நிறுத்த வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. வார்டு அக்கா சொன்னதும் அதைத்தானே.

செவ்வந்தி:

எல்லோருக்கும் பதில் எழுத நேரம் ஆகிவிட்டது. அக்கா, நான் பிடித்தது வலது தோள்தான், இருந்தாலும் காட்டிவிட்டோம், சரியாக இருக்கிறது. தட்டையும் கவனித்தேன். இடப்பக்கத்துப் பொரியலை விட்டுவிடுகிறார், உப்பு போதவில்லை என்று விடுகிறார் என நினைத்திருந்தேன்.

நேற்று ராத்திரி டாக்டர் சொன்னதை அம்மாவிடம் முதல் முறையாக முழுதாகச் சொன்னேன். கை ஏன் எழுகிறது, அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை, நான் கத்தியது தப்பு என்று. ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கொட்டாவி விட்டார். கை எழுந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது இறங்க ஆரம்பித்தபோது அம்மா வலது கையை நீட்டி, அதை விழ விடாமல் தாங்கிப் பிடித்து, மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.