ஸ்கிரேப்பர் இழைப்புளிக்கு எந்த ஸ்டீலில் பிளேடு போடலாம்?

ஈட்டிக்கட்டை:
பழைய ஸ்டான்லி 112 ஸ்கிரேப்பர் இழைப்புளி (மரத்தைச் சுரண்டி மழமழப்பாக்குகிற வகை) ஒன்று கிடைத்திருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறது, சாய்வை மாற்றும் நட்டுகளும் சுழல்கின்றன, பிளேடு மட்டும் இல்லை. வேலை பெரும்பாலும் தேக்கு, கொஞ்சம் ஈட்டி. ரேகை மாறி மாறி ஓடுகிற பலகைகள், சாதா இழைப்புளியை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஏதோ ஒரு இடத்தில் சிலாம்பு பெயர்ந்துவிடுகிறது. அதற்காக முழு மேசையையும் உப்புத்தாளில் தேய்த்து முடிக்க மனசு வரவில்லை.

வெளிநாட்டுக் கடைகளில் ஓ1, ஏ2 என்கிற இரண்டு டூல் ஸ்டீல் வகையிலும் பிளேடு இருக்கிறது, விலையைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. உள்ளூர் ஸ்டீல் கடைக்காரர் எச்.சி.எச்.சி.ஆர் (கார்பனும் குரோமியமும் அதிகமுள்ள ஸ்டீல்) வாங்குங்கள், ஆயுசுக்கும் மழுங்காது என்கிறார். இன்னொருவர் மெஷின் ஹாக்ஸா பிளேடையே வெட்டிப் போடச் சொல்கிறார். எதை எடுப்பது?

டை_பட்டறை:
கடைக்காரர் சொன்னது பஞ்சிங் டைக்கு (தகடு வெட்டும் அச்சுக்கு) சரி, உங்களுக்குச் சரிவராது. சாதா இழைப்புளியில் வெட்டுவது தீட்டிய முனை, இதில் வெட்டுவது முனையில் நாம் உருட்டி மடக்குகிற பிசிறு. அதாவது ஸ்டீல் கடினமாகவும் இருக்க வேண்டும், உருட்டுக்கம்பியை (பிசிறை மடக்குகிற கடினமான கம்பி) அழுத்தி இழுத்தால் உடையாமல் வளையவும் வேண்டும். எச்.சி.எச்.சி.ஆர் என்பது டி2தான், குரோமியம் 12 சதவீதம், கார்பன் 1.5 சதவீதம் அளவில். உள்ளே மிகக் கடினமான, பெரிய பெரிய கார்பைடு துகள்கள். பிசிறை மடக்கப் போனால் அந்த இடத்தில் பொடிந்து, மரத்தில் கோடு கோடாக விழும். ஏ2வில் குரோமியம் 5 சதவீதம்தான், அதனால் பரவாயில்லை, ஆனால் 60, 62 ராக்வெல் (ஸ்டீலின் கடினத்தைச் சொல்லும் அளவு) கடினத்தில் வரும் பிளேடு என்றால் உருட்டுவதற்குள் கை வலிக்கும்.

ஓ1தான் என் ஓட்டு. அதற்கு இறக்குமதி எதற்கு? நம் ஊரில் ஓ.எச்.என்.எஸ் (எண்ணெயில் கடினமாக்குகிற ஸ்டீல்) என்று டை பட்டறைகளுக்கு விற்கிறார்களே, அது அதே வகை ஸ்டீல்தான். கிரைண்ட் செய்த பட்டையாகவே கிடைக்கும். வரும்போது மிருதுவாக இருக்கும், அரமே போதும், 45 டிகிரி பெவல் (முனையின் சாய்வு முகம்) எடுத்துவிட்டுப் பிறகு சூடேற்றுங்கள். வாங்குவதற்கு முன்னால் பிளேடு உட்காரும் இடைவெளியை அளந்துவிடுங்கள். அகலம் 73 மி.மீ வரும், எவ்வளவு தடிமன் ஏற்கும் என்பதைக் கையில் இருக்கிற இழைப்புளியில்தான் பார்க்க வேண்டும்.

மரத்தூள்:
மேலே சொன்னவரோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். தேக்கில் சிலிக்கா இருக்கிறது, ஓ1 பிசிறு அதில் சீக்கிரம் போய்விடும், மேசைப்பலகை ஒன்றை முடிப்பதற்குள் பலமுறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். நான் ஹெச்.எஸ்.எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) பிளேடுதான் வைத்திருக்கிறேன், எம்2 வகை. உருட்டுவதே இல்லை. பெவலை சாணையில் பிடித்தால் முனையில் தானாக ஒரு பிசிறு வருமில்லையா, லேத்தில் மரம் கடைகிறவர்கள் அதை வைத்துத்தான் சுரண்டுகிறார்கள், நானும் அப்படியே மாட்டித் தள்ளுகிறேன். ஹெச்.எஸ்.எஸ்ஸில் இன்னொரு வசதி, சாணைச் சூட்டில் பதம் இறங்காது. அதன் டெம்பர் (பதம் இறக்குகிற சூடு) 550 டிகிரி பக்கம், ஓ1 என்றால் முனை நீலமானாலே ஆள் அவுட்.

ஹாக்ஸா வாங்கினால் முழுக்க ஹெச்.எஸ்.எஸ்ஸா என்று கேட்டு வாங்குங்கள். பைமெட்டல் என்றால் பல் மட்டும்தான் ஹெச்.எஸ்.எஸ், முதுகு வெறும் ஸ்பிரிங் ஸ்டீல். அதோடு இன்னொரு சங்கடம், 73 மி.மீ அகலத்தில் ஹாக்ஸா சுலபமாகக் கிடைக்காது, நீளத்தில் ஒரு துண்டு வெட்டிக் குறுக்குவாட்டில் வைக்கலாமா என்றால் உயரம் போதாது. என்னுடையது வேறு இழைப்புளி, அகலம் குறைவு.

டை_பட்டறை:
சாணைப் பிசிறு சுரண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது முரட்டுப் பிசிறு. மேற்பரப்பில் தூளாக வருமே தவிர சுருள் வராது. பாலிஷ் போடப்போகிற ஈட்டியில் அது போதாது என்பது என் கட்சி. எம்2வையே உருட்ட ஆசை என்றால் கார்பைடு கம்பி வேண்டும், சாதா உருட்டுக்கம்பி பிளேடைவிட மிருதுவாக இருந்தால் கம்பிதான் தேயும். உடைந்த சாலிட் கார்பைடு எண்ட்மில்லின் (மில்லிங் மெஷினில் போடுகிற வெட்டுக்கருவி) தண்டு கிடைத்தால் அதுவே போதும்.

ஈட்டிக்கட்டை:
அப்படியென்றால் ஓ.எச்.என்.எஸ். அண்ணா, வீட்டில் சூடேற்ற முடியுமா? கையில் இருப்பது ஒரு கேஸ் டார்ச், கொஞ்சம் செங்கல்.

டை_பட்டறை:
முடியும், முனையில் விரல் அகலத்துக்கு மட்டும் கடினமானால் போதும். செங்கல்லை டப்பா மாதிரி அடுக்கிச் சூடு தங்க வையுங்கள். காந்தம் ஒட்டாமல் போன பிறகும் இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள், 800 டிகிரி பக்கம் வர வேண்டும். அங்கே சிறிது நேரம் நிறுத்தி, வெதுவெதுப்பான எண்ணெயில் நேர்க்குத்தாக இறக்குங்கள். சாய்த்து விட்டால் பிளேடு கோணிக்கொள்ளும். தண்ணீர் வேண்டாம், விரிசல் விடும்.

அடுத்ததுதான் முக்கியம்: மறுபடி மெல்லச் சூடேற்றிப் பதம் இறக்க வேண்டும், சூட்டுக்கு ஏற்ப ஸ்டீலின் நிறம் மாறும். உளிக்கு என்றால் வைக்கோல் நிறத்தில் நிறுத்துவோம், 60க்கு மேல் நிற்கும். ஸ்கிரேப்பருக்கு அதைத் தாண்டி ஊதா போய் நீலம் தொடுகிற வரை விடுங்கள், 300 டிகிரி அளவு. 56, 57 ராக்வெல்லுக்கு இறங்கிவிடும், பிசிறு உடையாமல் மடங்கும். கைச் சுரண்டி தகடு இதைவிடவும் மிருதுவாக, ரம்பத் தகடு அளவில்தான் இருக்கும், அதை எவ்வளவு சுலபமாக உருட்டுகிறோம் பாருங்கள்.

பலகைப்பித்தன்:
ஸ்டீல் பற்றி எல்லாம் பேசியாகிவிட்டது. தட்டைப் பக்கத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை. பெவலும் தட்டைப் பக்கமும் எண்ணெய்க்கல்லில் கண்ணாடி மாதிரி வராமல் உருட்டினால் எந்த ஸ்டீலாக இருந்தாலும் பிசிறு பல் பல்லாகத்தான் வரும். உருட்டும்போது கம்பியில் ஒரு சொட்டு எண்ணெய், முதலில் பெவலோடு ஒட்டி இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி தட்டைப் பக்கத்துக்கு 75 டிகிரி வந்ததும் நிறுத்துங்கள். பெவல் உங்களைப் பார்க்கிற மாதிரி மாட்ட வேண்டும். இரண்டு மூலையையும் அரத்தால் லேசாக மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் தேக்கில் தண்டவாளம் போட்டமாதிரி இரண்டு கோடு விழும்.

ஈட்டிக்கட்டை:
சரி, நாளைக்கு ஓ.எச்.என்.எஸ் பட்டை கேட்கப் போகிறேன். இடைவெளியில் 3 மி.மீ தாராளமாகப் போகிறது. எச்.சி.எச்.சி.ஆர் கடைக்காரரிடமே வாங்கலாம், ஆனால் அவரிடம் காரணம் சொல்லிப் புரியவைப்பதற்குள் கடை மூடிவிடும், வேறு கடை பார்க்கிறேன்.